மொய்யாகிப்போன அண்டா காசு

எனக்கு எழுபத்திரண்டு வயசு. வளர்த்தது ஏழு பேர். நாலு நான் பெத்தது, மூணு எங்க அக்கா பெத்து என் கையில் விட்டுட்டுப் போனது. ஏழும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தப் பிள்ளை வீட்டுச் சோற்றையும் எதிர்பார்த்து நான் உட்கார்ந்ததில்லை. திருவரங்குளத்தில் நம்ம ஏலக் கடையின் ரிட்டன் மேசையில் உட்கார்ந்து, நாலு திசையிலிருந்தும் வருகிற திட்டை வாங்கி, அந்தத் திட்டுக்குச் சம்பளமும் வாங்கித்தான் சாப்பிட்டேன்.

இப்போது அந்த மேசைக்குப் புதுசாக மூணு பேர் வந்திருக்கிறீர்களாம். முதலாளி போன் பண்ணி, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க ஆத்தா என்றார். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்குத் தெரியாது. எழுத்தும் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. பேரைப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதோடு சரி. எந்தப் பொத்தானை அமுக்கினால் வாங்கினவருக்குப் பணம் திரும்பிப் போகும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை சொல்லிக் கொடுக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது பொத்தானை அமுக்குவதற்கு முந்தி நடக்கிற சங்கதி.

திருமயம் பக்கத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுச் சாமான், மூடிப்போன கல்யாண மண்டபத்துப் பாத்திரம், தையல் மிஷின், பழைய மோட்டார், இதையெல்லாம் மொத்தமாக வாங்கி, போனில் நேரலையாகக் காட்டி ஏலம் விடுகிறோம். மதுரையில் இருக்கிறவரும் கேட்பார், துபாயில் இருக்கிறவரும் கேட்பார். ஏலம் கேட்கிற நேரத்தில் மனுசருக்குப் புத்தி கொஞ்சம் பிசகித்தான் இருக்கும். முகம் தெரியாத எவனோ ஐநூறு ஏற்றிவிட்டான் என்று இவரும் ஐநூறு ஏற்றுவார். சாமான் வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரிக்கும்போதுதான் அந்த வெறி இறங்கும். இறங்கின கையோடு நமக்குப் போன் வரும்.

அதனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வருகிற போனில் பாதி, சாமான் கெட்டுப்போனதுக்கு வருவதில்லை. வீட்டுக்காரம்மா திட்டினதுக்கு வருவது. 'இருக்கிற குப்பை பத்தாதா, இதை வேற எதுக்கு வாங்கினீங்க' என்று அந்தம்மா கேட்டிருக்கும். அதுக்குப் பதில் இல்லாததால் மனுசர் நம்மிடம் வந்து, பிடி ஆடுது, மூடி சேரலை என்பார். எது பிடி ஆடுகிற கோளாறு, எது வீடு ஆடுகிற கோளாறு என்று பிரித்துப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

நான் அந்த நாற்காலிக்கு வந்ததே ஒரு தையல் மிஷினால்தான். அப்போது நான் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் இருந்தேன். மேசையில் ஒரு தம்பி இருந்தார், நல்ல பிள்ளை, இப்போது திருச்சியில் பெரிய வேலையில் இருக்கிறார். அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது, நான் எடுத்தேன். கோயம்புத்தூர் ஆள், மிஷினில் தையல் விழவில்லை என்று நம்ம கடையின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினார். சாப்பிட்டீங்களாய்யா என்றேன். இல்லை என்றார். சாப்பிட்டுக் கூப்பிடுங்க, நான் இங்கிட்டேதான் இருப்பேன் என்று வைத்துவிட்டேன். சாப்பிட்டுக் கூப்பிட்டவர் வேற ஆளாக இருந்தார். ஊசியைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்ததை அவரே கண்டுபிடித்து, அவரே சிரித்தார். முதலாளி அதை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் கைக்கு அவர் சாம்பலும் புளியும் கொடுத்ததை விட்டுவிட்டுப் போனைக் கொடுத்தார். நான் மெதுவாகப் பேசுவேன் என்பதுதான் என் படிப்பு. வேகமாகப் பேசிப் பணத்தைத் திருப்பிவிடலாம். போன மனசைத் திருப்ப முடியாது.

இனி அண்டா கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆலங்குடிக்கு அங்கிட்டு ஒரு ஊர். அங்கே சுப்பையா என்று ஒருத்தர், பூ விவசாயம். மண்டபத்துச் சாமான் ஏலம் போனபோது ஒரு பெரிய அலுமினிய அண்டாவை ஏழாயிரத்து ஐநூறுக்கு எடுத்தார். உள்ளே இரண்டு ஆடு படுத்துத் தூங்கலாம், அத்தனை பெரிசு. ஆனால் அதன் அடியில் ஓர் ஓட்டை. மண்டபத்துக்காரர் ஏதோ பசையை வைத்து அடைத்து, மேலே கரியைத் தடவி நம் தலையில் கட்டிவிட்டார். நாமும் பளபளவென்று இருக்கிற பக்கத்தைப் போனில் காட்டி அவர் தலையில் கட்டினோம். சுப்பையா வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார், சொட்டியிருக்கிறது. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறக்கினார்.

அவர் கத்தவில்லை. கத்தாத ஆள் வந்தால்தான் நீங்கள் நிமிர்ந்து உட்காரணும். கத்துகிறவருக்குப் பொழுது இருக்கிறது. கத்தாதவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது.

"அடுத்த வாரம் எனக்கு மொய் விருந்து ஆத்தா. வாடகைக்கு அண்டா சொல்லிட்டேன், அவனுக்குக் காசு குடுக்கணும். ரொக்கமா குடுத்துருங்க, போன்ல அனுப்புறதெல்லாம் வேணாம்" என்றார்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மொய் விருந்து என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு, ஆடு அடித்து, கறிச்சோறு போடுவது. இதுவரைக்கும் அவர் யாருக்கெல்லாம் மொய் செய்தாரோ அவர்களெல்லாம் வந்து திருப்பிச் செய்வார்கள். வாங்கினதை மட்டும் அப்படியே திருப்பினால் கணக்கு முடிந்தது, உறவும் முடிந்தது என்று அர்த்தம். அதனால் பழைய மொய்யோடு புது மொய்யும் சேர்த்து வைப்பார்கள். ஒருத்தர் முறை வர அஞ்சு வருஷம் ஆகும். சுப்பையாவுக்கு அந்த வருஷ முறை. வருகிற பணத்தில் தோட்டத்துக்கு போர் போடணும், இல்லையென்றால் பூச்செடி கருகும். அத்தனையும் அந்த ஒரு நாள் வசூலில் நிற்கிறது.

அண்டாவில் கோளாறு நம்முடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். அவர் சரி என்று சொல்லிப் பணம் என் கைக்கு வரும்போது விருந்து நாள் காலையாகிவிட்டது. சரி, இன்றைக்காவது போய்ச் சேரட்டும் என்று நோட்டுகளை ஒரு கவரில் போட்டேன். போட்டுவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தையும் உள்ளே போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. நம்ம பக்கத்துக் கை அப்படித்தான், சைபரில் முடிகிற பணத்தை ஒருத்தர் வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூசும். நம்ம வேன் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, இதை சுப்பையா வீட்டில் கொடுத்துட்டு வாங்க என்று அனுப்பினேன்.

வேன்காரர் மீமிசல் ஆள். பேரே எங்களுக்கு மறந்துபோய் மீமிசல்காரர் என்றேதான் கூப்பிடுவோம். கடற்கரைப் பக்கம் கல்யாணத்துக்கு மொய் உண்டு, மொய்க்கென்றே விருந்து வைக்கிற பழக்கம் அவர் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் வந்தார். வாய் நிறைய வெற்றிலை. வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். என்ன ஆச்சு என்றேன். பந்தலில் நுழைந்ததுமே கும்பிட்டு உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே இரண்டு தரம் கறி வைத்தார்களாம். சாப்பிட்டு எழுந்ததும் ஒருத்தர் கையைப் பிடித்து ஒரு மேசைக்குக் கூட்டிப் போனாராம். இவர் கவரை நீட்டியிருக்கிறார். பிரித்து எண்ணி, ஏழாயிரத்து ஐநூத்தி ஒண்ணு, யார் பேருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். திருவரங்குளம் செல்லாயி ஆத்தா கொடுத்துவிட்டாங்க என்றாராம் இவர். பொய்யில்லை, நான்தானே கொடுத்துவிட்டேன்.

"மைக்குல ஒங்க பேரச் சொன்னாங்க ஆத்தா. ரெண்டு தடவ சொன்னாங்க" என்று சந்தோஷமாக வேறு சொன்னார்.

அந்த மைக்கில் சொன்னால் சுற்று வட்டாரத்தில் ஏழெட்டு ஊர் கேட்கும். கடை கொடுத்த ரீஃபண்டு, செல்லாயி வைத்த மொய்யாகிவிட்டது.

உடனே போன் பண்ணினேன். விருந்து நடக்கிற வீட்டில் யார் போனை எடுப்பார்? நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது. நீங்க மொய் வைப்பீங்கன்னு நான் நினைச்சே பாக்கல ஆத்தா, பழக்கமில்லாத வீட்டுக்கு இப்படிப் பெரிய மொய்யா வச்சுட்டீங்களே என்று நெகிழ்ந்து பேசினார். நான் எங்கே குறுக்கே நுழைவது என்று தெரியாமல் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், கேட்கவே சங்கடப்பட்டுக்கொண்டு கேட்டார்: "அப்பறம் ஆத்தா, அந்த அண்டா காசு எப்ப வரும்?"

இப்போது நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வீர்கள்? கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் நமக்குத் தரணும், நாம் அவருக்குத் தரணும், சரிக்குச் சரி, முடிந்தது என்றது. அப்படியில்லை தாயி என்றேன். அவர் எனக்குத் தரவேண்டியது இன்றைக்கு இல்லை, நான் ஒரு விசேஷம் வைக்கிற அன்றைக்கு. வைத்த மொய்யை வாயால் கேட்டு வாங்குகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. நாம் அவருக்குத் தரவேண்டியதோ இன்றைக்கே. இரண்டும் வேற வேற தண்ணி, ஒரே குடத்தில் ஊற்ற முடியாது.

முதலாளி சென்னையிலிருந்து வந்தார். பூர்வீகம் இந்தப் பக்கம்தான், வளர்ந்தது சென்னை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் மரியாதையாகச் சொன்னார், அதுதான் தைத்தது.

"கம்பெனிக் காசு ஒங்க பேர்ல மொய்யா போயிருக்கு ஆத்தா. நான் நம்புறேன். கணக்குப் பாக்குறவரு கேட்டா என்ன சொல்றது? அவருகிட்ட ரீஃபண்டு வந்துருச்சுன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. இல்லன்னா அந்த நாற்காலியில ஒங்கள வச்சுக்கிறது எனக்குக் கஷ்டம்."

கம்பெனிக் காசில் மொய் வைத்த கிழவி என்று என்னைச் சொல்லப் போகிறார்கள். வேலை போனால் பாத்திரம் தேய்க்க இன்னொரு இடம் கிடைக்கும். இந்தப் பேர் போனால் எங்கே போய்த் தேய்ப்பது? நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சுப்பையா வீட்டில் பந்தல்கால் பிடுங்கின குழி இன்னும் மூடவில்லை. என்னைக் கண்டதும் புருசனும் பெண்டாட்டியும் ஓடி வந்தார்கள். சேர், மோர், முறுக்கு. அத்தனையும் முடிகிற வரைக்கும் நான் வந்த சோலியைச் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். கவர், ஒரு ரூபாய், மீமிசல்காரர், கறிச்சோறு எல்லாம்.

அவர் முகம் மாறிவிட்டது. பிறகு, கையெழுத்துதானே ஆத்தா, போட்டுத் தாரேன் என்று எழுந்தார். நல்ல மனுசர். நான் காகிதத்தை எடுக்கப் போனேன். அவர் பெண்டாட்டி நின்ற இடத்திலிருந்து நகராமல் சொன்னார்:

"போட்டுக் குடுங்க. ஆனா மைக்குல சொன்னத என்ன செய்யப் போறீங்க? ஒரு மொய்ய அழிச்ச வீடுன்னு ஆயிரும். நாளைக்கி இன்னொருத்தன் வந்து, நான் வச்சதும் மொய் இல்ல, கைமாத்துன்னு நிப்பான். போர்காரனுக்கு முன்பணம் குடுத்தாச்சு."

அந்தம்மா சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. என் பேரைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவர்கள் பேர் நிற்கிறது. இரண்டில் ஒன்று போகணும். இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, இன்னொரு டம்ளர் மோர் கேளுங்கள். நான் கேட்டேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது.

"ஒக்காருப்பா. மொய் மொய்யாவே இருக்கட்டும், அது செல்லாயி வச்சது. ஒன் அண்டா காசு வெள்ளிக்கிழமை வரும்" என்றேன்.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். சுப்பையாவுக்கு ரீஃபண்டு இன்னும் போகவில்லை, கம்பெனி கொடுக்கட்டும். முன்னால் போனது நான் வைத்த மொய், அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ரூபாய் என்னுடையதுதான், அதை விட்டுவிடுங்கள் என்றேன்.

"நீங்க ஏன் ஆத்தா குடுக்கணும்?" என்றார்.

"மைக்குல வந்த பேருங்க. அழிக்க விடுவனா?"

நான் தியாகம் பண்ணினேன் என்று யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். ஏழெட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி செல்லாயி பேரை அதுவரைக்கும் யார் சொன்னார்? அதற்கு ஏழாயிரத்து ஐநூறு அதிகமில்லை. முதலாளி சம்பளத்தில் பிடித்தார். ஒழுங்காகவே பிடித்தார். நாற்காலி என்னிடமே இருந்தது.

இதில் உங்களுக்கு என்ன? பணம் நம்ம கையை விட்டுப் போய்விட்டால் திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடாது. வாங்கினவர் வாயில் அது ரீஃபண்டு என்று வரணும். பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த போனை எடுக்காதீர்கள். கூப்பிட்டு, 'அய்யா, இது இன்ன சாமானுக்கான பணம், வந்துருச்சா' என்று கேட்டு, வந்துருச்சு என்று அவர் சொல்கிற வரைக்கும் லைனில் இருங்கள். அப்புறம், விசேஷ வீட்டுக்குப் பணம் கொண்டு போகாதீர்கள். கொண்டு போனாலும் கறி தின்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சுப்பையா விடவில்லை. இரண்டு மூணு மாசத்துக்கு ஒரு தரம் போன் வரும். விசேஷம் எப்ப ஆத்தா என்பார். திருப்பிச் செய்யணுமே என்று அவருக்குத் தவிப்பு. காலமெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு என்று கேட்டே காது புளித்தவளுக்கு, திருப்பித் தரேன் வாங்கிக்கங்க என்று ஓர் ஆள் கெஞ்சுகிறது புதுசாக இருந்தது. எனக்கு என்ன விசேஷம் இருக்கிறது? ஏழுக்கும் கல்யாணம் முடிந்தது, பேரன் பேத்திக்கெல்லாம் காது குத்தியாச்சு. இனி என் எழவு ஒண்ணுதான் பாக்கி, அதுல நீ மொய் வச்சா நான் எந்திரிச்சு வந்து வாங்க முடியாதுப்பா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்லாதீங்க ஆத்தா, நான் கடன்காரனா நிக்க முடியாது என்றார்.

போன தை மாசம் நான் வேலையை விட்டேன். முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை. கடையிலேயே ஒரு சின்னக் கூட்டம் போட்டு முதலாளி பொன்னாடை போர்த்தினார், ஒரு மிக்சி கொடுத்தார். ரிட்டன் வந்த மிக்சிதான், பார்த்ததுமே எனக்குத் தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். வெளியில் லோடு ஆட்டோ சத்தம். சுப்பையாவும் அவர் பெண்டாட்டியும் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூவோடு இறங்கினார்கள். மீமிசல்காரர் சொல்லிவிட்டிருக்கிறார், பழைய கறிச்சோற்று விசுவாசம். சுப்பையா நேராக வந்து, மொய் எழுதுற எடம் எதுங்க என்றார். அப்படி ஓர் இடமில்லை என்றதும் ஏலம் சொல்கிற மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"திருவரங்குளம் செல்லாயி ஆத்தாவுக்கு, பழைய மொய் ஏழாயிரத்து ஐநூத்தி ஒண்ணு, புது மொய் அஞ்சாயிரம்."

இரண்டு தரம் சொன்னார். ஏலப் போன் நேரலையிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கேயோ இருந்து ஒருத்தர் எட்டாயிரம் என்று கேட்டுவிட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. எழுபத்திரண்டு வருஷப் பழைய சாமான், முழங்கால் வேலை செய்யாது, ரிட்டன் கிடையாது, அப்படிச் சொல்லிட்டு ஏலம் விடு என்றேன். முதலாளி முதல் தடவையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். அந்தம்மா என் கையில் பணத்தை வைத்து அழுத்தி, போர்ல தண்ணி நல்லா வருது ஆத்தா என்றார்.

எல்லாரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டுக் காலாகாலத்தில் போய்ச் சேரலாம் என்று இருந்தேன். அந்த மனுசர் பழையதை மட்டும் திருப்பியிருந்தால் முடிந்திருக்கும். புதுசாக அஞ்சாயிரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய அடுத்த விருந்து வரைக்கும் நான் இருந்தாகணும். நடுவில் செத்தால் மொய்யைத் திருப்பாமல் போன செல்லாயி என்று அதே மைக்கில் சொல்லுவார்கள், அதே ஏழெட்டு ஊரும் கேட்கும். அதனால் வேலைக்குத்தான் ஓய்வு. சாகிறதுக்கு இப்போதைக்கு நேரமில்லை. மேசையில் ஏதாவது சிக்கல் என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள், இருப்பேன்.

நான் சொல்லச் சொல்ல இவ்வளவு நேரம் எழுதினது என் மகள் வயிற்றுப் பேத்தி, காலேஜில் படிக்கிறாள். பாதியில் இரண்டு தரம் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏ தேனு, எழவுன்னு நான் சொன்னத எழவுன்னே போட்டிருக்கியா, இல்ல மரியாதையா எதையாச்சும் மாத்தி வச்சிருக்கியா? தலையிலேருந்து படி, கேப்போம். மெதுவாப் படி.